ஒழுகாத சுவர்

என் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்பவர். எங்கேயாவது சொட்டுச் சத்தம் கேட்டால் போதும், அவருக்குச் சோறு இறங்காது. விருந்துக்குப் போன வீட்டில்கூட முதலில் கை கழுவும் இடத்துக்குப் போய், ஒழுகும் குழாயை இறுக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். "உங்களை யாரு கேட்டா?" என்று பல்லைக் கடிப்பேன். "தண்ணி வீணாப் போகுதே" என்பார். கோபமே வராத மனுஷன். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொள்கிறேன்.

அப்படிப்பட்டவர் மலைச்சரிவில் வீடு கட்டினார். சரிவை வெட்டி இடத்தைச் சமப்படுத்தினோம். வெட்டிய பக்கம் மண் சரியாமல் இருக்க, வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் கருங்கல் சுவர். கட்டியது என் அண்ணன், கொத்தனார். சுவரில் வரிசையாகப் பதினான்கு ஓட்டைகள் விட்டார்.

"மண்ணுக்குள்ள எறங்குற தண்ணி இது வழியா வெளிய வரணும் மாப்ள. உள்ளயே நின்னா சுவரைத் தள்ளிடும்" என்று படித்துப் படித்துச் சொன்னார். இவரும் மண்டையை மண்டையை ஆட்டினார்.

முதல் மழையில் ஓட்டைகள் சொட்டத் தொடங்கின. இவர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பதினான்கையும் சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே தண்ணீர் புகாத பூச்சும் பூசிவிட்டார். வேலை அவ்வளவு சுத்தம். கொல்லை காய்ந்து கிடந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் பிடித்திருந்தது. அண்ணனிடம் நானும் மூச்சு விடவில்லை.

அடுத்த வருடம் மழை விடாமல் அடித்தது. சமையலறை ஜன்னலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே துணி போடும் கொடி கட்டியிருந்தேன். விண்ணென்று இருந்த கொடி ஒரு நாள் காலையில் தொங்கியது. ஈரத்தில் தளர்ந்திருக்கும் என்று இழுத்துக் கட்டினேன். மதியம் மறுபடியும் தொங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். சுவருக்கு வயிறு தள்ளியிருந்தது! அதற்கு நாலடி தள்ளித்தான் எங்கள் மகளின் அறை.

அண்ணனுக்குப் போன் போட்டோம். "ஓட்டையில தண்ணி எப்படி வருது? கலங்கலாவா, தெளிவாவா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"வரல மச்சான். அடைச்சுட்டேன்."

அண்ணன் உடனே, "பொண்ணைக் கூட்டிட்டு முன்வாசலுக்குப் போங்க. சுவருக்கு முன்னால ஒருத்தரும் நிக்காதீங்க. வர்றேன்" என்றார்.

வந்ததும் திட்டித் தீர்ப்பார் என்று நினைத்தேன். நேரே மண்வெட்டியைத்தான் கேட்டார். இருவரும் சரிவில் ஏறி, மேலிருந்து வரும் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பினார்கள். மண்ணுக்குத் தார்ப்பாய் போர்த்தினார்கள். பிறகு சுவரின் ஓரத்தில் ஒதுங்கி நின்று, நீளக் கடப்பாரையால் கடைசி ஓட்டையைக் குத்தினார்கள். அடைப்பு அசையவே இல்லை.

"என்னத்த வச்சுத் தொலைச்ச மாப்ள?"

"நம்ம வேலை மச்சான். லேசுல வராது."

"பெருமையடிக்கிற நேரமா இது!" என்று வீட்டு மூலையிலிருந்து கத்தினேன். வீடு போனால் போகட்டும், இந்த மனுஷன் அந்தச் சுவருக்கு அடியில் போய்விடக் கூடாது என்றுதான் அந்தக் கத்தல்.

ஏழாவது குத்தில் அடைப்பு பிய்த்துக்கொண்டு, சேற்றுத் தண்ணீர் பீறிட்டது. இரண்டு ஓரத்திலிருந்தும் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். வேகம் தணிந்த பிறகே நடுவில் இருந்தவற்றைத் தொட்டார்கள்.

சாயங்காலம் அண்ணன் சுவர் உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது நின்ற இடத்துக்கு நேராகத் தரையில் ஓர் ஆணி அடித்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், குண்டு ஆணிக்கு நேராகவே நின்றது.

"சுவர் நகர்றது நின்னுடுச்சு. மழை விட்டதும் நடுவுல பிரிச்சுக் கட்டித் தர்றேன். இன்னைக்கு எல்லாரும் எங்க வீட்டுல வந்து படுங்க."

அப்பாடா! ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் விடிந்ததும் இவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாம் ஒழுகுது!" என்று வாசலிலேயே கத்தினார். "பதினாலும் ஒழுகுது!"

"உங்க வாயில சக்கரையைத்தான் போடணும்" என்றேன்.