தைலம் பூசிய நெஞ்சில் ஒரு சோதனை

என் அக்கா மகள் ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளர். மலேசியாவில் பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டுகளில் யார் விழுந்தாலும் அவள்தான் போவாள். நெஞ்சில் அடிபட்டு நுரையீரல் கிழிந்தால் உள்ளே காற்று கசிந்து தேங்கி, நுரையீரலையே நசுக்கிவிடும். விலா எலும்புகளுக்கு நடுவே தடித்த ஊசியைக் குத்தி அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு ஊசியை உருவிவிட்டால் நெஞ்சில் நிற்பது ஊசியைச் சுற்றியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான். செம்மண் ரோட்டில் வண்டி குலுங்கினால் அது மடங்கும், நழுவும்.

போன வருஷம் செம்பனைக் குலை விழுந்து அடிபட்ட ஒருவருக்கு நழுவியது. ஒட்டிய பிளாஸ்டரும் நிற்கவில்லை. சிரம்பான் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை இரண்டு விரலால் குழாயைப் பிடித்துக்கொண்டே போனாள். அவர் பிழைத்துக்கொண்டார், இவளுக்குத்தான் தூக்கம் போனது.

அதற்குப் பிறகு மடங்காத ஒரு குழாயையும், அதைத் தாங்க நெஞ்சில் ஒட்டும் வட்டத் தகடு ஒன்றையும் உருவாக்கினாள். தம்பின் ஊர்ச் சந்தையில், பாசாரில், ஆட்டு விலா வாங்கிக் குத்திக் குத்திப் பார்த்தாள். அந்த மாதம் அக்கா வீட்டுக் குழம்பில் ஓட்டையில்லாத கறித்துண்டு கிடையாது.

கடைசியில் மூன்று பெரிய டாக்டர்கள் பார்க்கச் சம்மதித்தார்கள். அவர்கள் தலையாட்டினால்தான் மேற்கொண்டு சோதனை. இல்லையென்றால் தகடு அலமாரிக்குப் போகும்.

“ஏம்மா, ஒட்டிக் காட்ட நான்தான் கிடைச்சேனா?”

“இவ்வளவு தடிச்ச நெஞ்சுக்கு நான் எங்க போவேன் மாமா? உங்கமேல நின்னா எல்லார்மேலயும் நிக்கும்லா. பயப்படாதீங்க, ஊசி ஆட்டுக்கு மட்டும்தான்.”

இத்தனை வருஷம் படித்த புத்தகங்கள் தராத மரியாதையை தினம் தின்ற நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு வாங்கித் தந்தது.

டாக்டர்கள் முன்னால் சட்டையைக் கழற்றிப் படுத்தேன். தகட்டை ஒட்டி லேசாக இழுத்தாள். அது வயிற்றுப் பக்கம் வழுக்கி இறங்கியது. மறுபடி ஒட்டினாள். மறுபடியும் இறங்கியது.

“மாமா, நெஞ்சில என்ன தடவினீங்க?”

“தைலம்தான். காலையில கொஞ்சம் இருமல்.”

ஒரு வருஷ உழைப்பை ஒரு கை தைலத்தில் கரைத்துவிட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் டாக்டர்கள் பக்கம் திரும்பினாள்.

“டாக்டர், அன்னைக்குக் குழாய் நழுவினவர்மேலயும் இதே வாசம். நான் வேர்வையில நழுவுதுன்னு நினைச்சேன். எஸ்டேட்ல நெஞ்சு வலின்னா ஆம்புலன்சைக் கூப்பிடுறதுக்கு முன்னாடியே தைலம் தேய்ச்சிருப்பாங்க. இந்தத் தகடு எங்க ஆளுங்க நெஞ்சில நிக்காது.”

பஞ்சால் துடைத்துவிட்டு அழகாக ஒட்டிக் காட்டியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவளோ தன் கண்டுபிடிப்பைத் தானே தோற்கடித்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

மூத்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒட்டாம நிக்க வச்சுக் கொண்டு வாம்மா. பார்க்கிறோம்.”

மூன்று வாரத்தில் பசை போய், மூச்சை இறுக்காமல் தோளைச் சுற்றி வரும் பட்டை வந்தது. என் நெஞ்சில் அரை பாட்டில் தைலத்தை ஊற்றி, வேனில் படுக்கவைத்து, எஸ்டேட் ரோட்டில் ஓட்டச் சொன்னாள். என்னில் அசையாத பாகம் அந்தத் தகடு ஒன்றுதான்.

இறங்கியதும் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“நிக்குது மாமா! அப்படியே படுங்க, இன்னொரு ரவுண்டு போவோம்.”