பத்து எண்ணும் வரை

பேசி முடித்துக் கிளம்பிவிட்ட ஆளையே பார்த்துக்கொண்டு நிற்பார் அந்தப் பெரியவர். உதடு மட்டும் அசையும். பத்து எண்ணியபிறகுதான் நகர்வார். பால்காரர் முதல் பல் வைத்தியர் வரை எல்லோருக்கும் இது பழகிவிட்டது.

முப்பத்தொரு வருடம் தொலைக்காட்சிச் செய்திக்குக் கேமரா தூக்கி ஓய்வுபெற்றவர். வலது தோள் இரண்டு விரல் இறங்கியிருக்கும். நிருபர் "போதும்" என்றாலும் கேமராவை நிறுத்தமாட்டார், பத்து எண்ணுவார். பட்டப்பெயரே ‘பத்து’. டேப்பை வீணடிக்கிறார் என்று மூன்று முறை மெமோ வந்தது. மனிதர் மசியவில்லை. "பேட்டி முடிஞ்சாத்தான்யா மனுஷன் தன் சொந்த மூஞ்சிக்கு வருவான்" என்பார். மனைவியைக் கேட்டால், "சண்டை போட்டுட்டு நான் உள்ள போனாக்கூட பத்து எண்ணிட்டுத்தான் பின்னால வருவாரு. அதுக்குள்ள எனக்கே கோவம் போயிடும்" என்று சிரிப்பார்.

நேற்றுக் காலை பழைய அலுவலகத்தின் டேப் அறைப் பெண் போன் செய்தார். "சார், ஒளிபரப்பானத மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. மிச்ச டேப்பெல்லாம் மத்தியானம் குப்பைக்கு லாரி ஏறுது. இங்க ஒரு நர்ஸ் வந்து உக்காந்திருக்காங்க, அவங்க அப்பா பேட்டிய நீங்கதான் எடுத்தீங்களாம்."

பத்து பாதிச் சவரத்தோடு ஓடினார்.

நர்ஸின் அப்பா தீயணைப்பு வீரர். மகள் பிறந்த மாதமே வேலையில் உயிர் போயிற்று. கிடங்குத் தீயன்று அவர் கொடுத்த பேட்டி செய்தியில் வந்திருக்கிறது. ஆனால் தலைக்கவசமும் கரியும் முகத்தை மூடியிருந்தன. "வீட்ல அடையாள அட்டை போட்டோ ஒண்ணுதான் சார். அப்பா சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

"நான் பத்து எண்ணியிருப்பேன்மா" என்று சொல்லிக்கொண்டே அலமாரிக்குள் தலையை விட்டார். நானூறு டேப். கீழே லாரி ஹாரன் அடித்தது. ஒன்றை உருவினார். அவர் கையெழுத்துதான்: ‘கிடங்கு தீ, காலை.’

மிச்சமிருந்த ஒரே இயந்திரம் முனகிக்கொண்டு டேப்பை விழுங்கியது. "எல்லாரையும் வெளிய கொண்டாந்துட்டோம்" என்றது திரையில் கரி அப்பிய உருவம். நிருபரின் குரல், "போதும்." படம் நிற்கவில்லை.

உருவம் தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைத் துடைத்தது. "நிறுத்திட்டீங்களா? அப்பாடா. சார், முந்தாநாள் எனக்குப் பொண்ணு பொறந்திருக்கு." வாயெல்லாம் சிரிப்பு. இரண்டு கைகளையும் விரித்து அளவு காட்டினார். "இவ்ளோதான் இருக்கா."

திரை வெறும் புள்ளிகளானது. நர்ஸ் அழுகையும் சிரிப்புமாக எழுந்து நின்று, தன் இரண்டு கைகளையும் அதே அளவுக்கு விரித்துப் பார்த்தாள்.

டேப் அறைப் பெண் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். பத்து மட்டும் திரையிலிருந்து நர்ஸின் பக்கம் திரும்பினார். இறங்கிய வலது தோள் தானாக உயர்ந்தது, இடது கண் மூடிக்கொண்டது. உதடு ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தது.