தகரக் கூரைக்குக் கீழே எடுத்த அளவு

எங்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவளைச் சராசரி மேடம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சராசரி மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். அதைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "சராசரின்னு எவனாவது சொன்னா, அவன் யாரையோ மறைக்கிறான்னு அர்த்தம்" என்று வருஷா வருஷம் முதல் வகுப்பிலேயே சொல்லுவாள். பிள்ளைகளுக்குப் பெயர் வைக்க அது போதாதா? ஆசிரியர் அறையில் அவளுக்கும் எனக்கும் ஒரே மேசை. நான் வரலாறு நடத்துகிறேன். அவளுடைய விடைத்தாள்கள் எப்போதும் என் பாதிக்குள் சரிந்து கிடக்கும். அதற்காக நாங்கள் போடாத சண்டை இல்லை.

போன வருஷம் எங்கள் முதல்வர் ஓர் உத்தரவு போட்டார். தினம் ஒரு உத்தரவு போடுகிறவர் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுற்றறிக்கை. பூமி சூடாவதில் யாருக்கு அடி அதிகம், அது நியாயமா என்பதை இனி எல்லாப் பாடத்திலும் சேர்த்து நடத்த வேண்டுமாம். வணிகவியல்காரர் தான் திரையில் காட்டும் பாடப் படங்களின் மூலையில் ஒரு மரத்தை ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டார். மொழிப் பாடக்காரர் ஆளுக்கொரு மழைக் கவிதை கேட்டுப் பிள்ளைகளின் உயிரை வாங்கினார். நான் பழைய பஞ்சம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தேன். சராசரி மேடம் ஒருத்திதான் அதை மனதார எடுத்துக்கொண்டாள்.

அவள் வகுப்பு மாணவர்கள் ஆளுக்கொரு தெர்மாமீட்டரை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டக் கூடாது, சுவரை ஒட்டக் கூடாது, தலை உயரத்தில் தொங்க வேண்டும். கோடை மதியங்களில் பார்த்து வந்து சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஊர் வரைபடத்தில் நிறம் தீட்டினார்கள். பூங்காவைச் சுற்றிய தெருக்கள் வெளிர் மஞ்சள். ரயில் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரைச் சந்துகள் ஒரே சிவப்பு.

"ஒரே ஊரு, ஒரே வெயில். இதுக்குப் பேரு வானிலை இல்லடி, அநியாயம்" என்றாள் என்னிடம். அவளும் தகரக் கூரைக்குக் கீழே வளர்ந்தவள்தான். தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டு கணக்குப் போட்டவள். யாரிடமும் அதைச் சொல்லமாட்டாள், ஏதோ கோபத்தில் என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

இருப்பதிலேயே அதிகச் சூடு ரெட்டைச் சடையின் வீட்டில். அது சராசரி மேடம் வகுப்பில் இரண்டாம் வருஷம் படித்த பெண். அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைப்பவர். அளவைப் பார்த்து மலைத்துப்போன சராசரி மேடம் அந்த வீட்டுக்கே போய், தன் தெர்மாமீட்டரையும் பக்கத்தில் தொங்கவிட்டு, மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. "இவ அளந்ததுல ஒரு குறை சொல்ல முடியாது" என்று மறுநாள் வகுப்பில் சொன்னபோது அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லையாம்.

சுற்றறிக்கை அந்த வரைபடத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பெரிதாக அச்சடித்துக் கல்லூரி வாசலில் மாட்டினார். பார்க்க வந்த நகராட்சிப் பொறியாளர் ஒரு பிரதி கேட்டார். சராசரி மேடம் சந்தோஷமாகக் கொடுத்தாள். கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு வரும், சந்துக்கு நாலு மரம் வரும் என்று நம்பினாள்.

வந்தது நோட்டீஸ். அந்தச் சந்துகள் மனிதர் குடியிருக்கத் தகுதியற்றவை, கல்லூரி எடுத்த அளவுகளே அதற்கு ஆதாரம், எல்லோரும் காலி செய்ய வேண்டும். மாற்று இடம் ஊருக்கு வெளியே, பஸ் எட்டிப் பார்க்காத மூலையில். சராசரி மேடம் என்னையும் இழுத்துக்கொண்டு நகராட்சிக்கு ஓடினாள்.

"சார், சூடா இருக்குன்னா கூரைய மாத்துங்க. ஆளுங்கள ஏன் மாத்துறீங்க?"

பொறியாளர் கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எங்களுக்கு டீ சொல்லிவிட்டுப் பேசினார். "மேடம், கூரைய மாத்த எங்ககிட்ட திட்டம் இல்ல. காலி பண்ண வைக்கத் திட்டம் இருக்கு. அளவு சரின்னு நீங்கதானே சொன்னீங்க? தப்புன்னா விசாரணையில வந்து சொல்லுங்க."

விசாரணைக்கு முந்தின நாள் ரெட்டைச் சடையின் அம்மா ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், அளந்தது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவ்வளவு தூரம் போயிட்டா என்கிட்ட யாரு தைக்கக் குடுப்பா? எம் பொண்ணு காலேஜுக்கு எப்படி வருவா? சூட்ட நாங்க தாங்கிக்கறோம்."

அவர் போனதும் சராசரி மேடம் என் பக்கம் திரும்பினாள். "நீ என்னடி சொல்ற?"

"பொய் சொல்லு" என்றேன். நான் யோசிக்கவே இல்லை.

"உனக்கென்ன, சொல்லுவ. உன் பாடத்துல எல்லாரும் செத்துப்போனவங்க. என் பாடத்துல அளந்த பொண்ணே முதல் பெஞ்சுல உக்காந்திருக்கா."

மறுநாள் நகராட்சிக் கூடத்தில் எழுந்து நின்றாள். "பிள்ளைங்க ஏதோ விளையாட்டா அளந்தது சார். எங்க மாட்டுனாங்களோ, எப்படிப் பாத்தாங்களோ. நம்ப முடியாது" என்றாள். சந்துக்காரர்கள் கைதட்டினார்கள். தையல்கார அம்மா அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ரெட்டைச் சடை பின்சுவரில் சாய்ந்து நின்றாள். பக்கத்தில் வரவே இல்லை.

நோட்டீஸ் ரத்தானது. வீடுகள் தப்பின. கல்லூரி மானம் போயிற்று என்று சுற்றறிக்கையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வரைபடம் உடைந்த நாற்காலிகளோடு கிடங்குக்குப் போனது. இனி யாரும் எதையும் அளக்க வேண்டாம் என்று அடுத்த உத்தரவு வந்தது. சராசரி மேடம் சும்மா இருப்பாளா? கூரைக்கு வெள்ளைப் பூச்சாவது அடித்துக் கொடுங்கள் என்று மறுபடியும் நகராட்சிக்கு நடந்தாள். பொறியாளர் அதே மரியாதையோடு கேட்டார்: "எந்த ஆதாரத்துல மேடம்? இருந்த ஒண்ணையும் நம்ப முடியாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே."

இந்தக் கோடை போன கோடையைவிட மோசம். பாடம் மட்டும் நிற்கவில்லை. ஏதோ தூர தேசத்து நகரத்தின் அளவுகளைப் பலகையில் எழுதித்தான் இப்போது நடத்துகிறாள். போன வாரம் அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது ரெட்டைச் சடை எழுந்திருக்கிறாள். விசாரணைக்குப் பிறகு அந்த வகுப்பில் வாயே திறக்காத பெண்.

"மேடம், இத யாரு அளந்தாங்க?"

"அந்த ஊர்க் காலேஜ் பிள்ளைங்க."

"நம்பலாமா மேடம்?"

குரலில் கேலி இல்லையாம், கோபமும் இல்லையாம். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாளாம். இதை என்னிடம் சொல்லும்போது சராசரி மேடம் மேசையில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். விடைத்தாள்கள் என் பக்கம் சரிந்தன. நான் தள்ளவில்லை.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"நம்பலாம்னேன்." கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதாள். "சரிங்க மேடம்னு சொல்லிட்டு, உக்காந்து எழுதிக்கிட்டா."