பேய்ச் சட்டையின் சொந்தக்காரி

என் மகளின் போனில் ஒரு குழு இருக்கிறது. தொண்ணூறுகளில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் பார்த்துச் சிரித்த ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு இன்றைக்கும் ரசிகர்களாக இருப்பவர்களின் குழு. கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், கனடா என்று எங்கெங்கோ இருப்பவர்கள் அதில் இருக்கிறார்கள். பழைய நாடாவிலிருந்து பிரதி எடுத்த பாகங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எங்கே என்ன பிழை நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்துப் போடுவதுதான் அங்கே நடக்கும் காரியம். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டர் இருக்கிறார், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் இருக்கிறார். என் மகளுக்கும் மாத்தளை டவுனில் ஒரு அலுவலகத்தில் நல்ல வேலைதான்.

தொடரின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு முதலாளிக்கு மலையில் ஒரு தேயிலைத் தோட்டம் கைக்கு வருகிறது. தேயிலைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர், குடும்பத்தோடு வந்து பங்களாவில் இறங்குகிறார். பிறகு வாரா வாரம் விழுவதும் எழுவதும்தான். எங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

வேலை முடிந்து வந்ததும் மகள் குழுவில் வந்ததையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டுவாள். காது கேட்காத மாமா, மணி அடிக்கும் முன்பே போனை எடுத்துவிடுகிறார். மருமகன் ராஜாவாகக் கனவு காண்கிற இடத்தில் அவர் கையில் கடிகாரம் ஓடுகிறது. முதலாளி குடித்து முடித்த கோப்பையில் அடுத்த நொடி தேநீர் தளும்புகிறது. நாங்கள் இருவரும் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்போம். தொடரில் வரும் பெருமழையைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தபோது நானும் ஒன்று சொன்னேன். அது மழையே இல்லை. இரண்டு நாள் உண்மையான மழை பெய்தபோது அது நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள். நின்ற பிறகு கதைக்கு மழை வேண்டுமென்று, செடிக்கு மருந்தடிக்கும் ஆட்களைக் கூப்பிட்டுத் தோளில் டாங்கியோடு கூரைமேல் ஏற்றிவிட்டார்கள். மகள் இதைக் குழுவில் போட்டதும் ஒரே கொண்டாட்டம். எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று எழுதினாள்.

அந்தத் தெரிந்தவர் நான்தான். சுருக்கென்றது. ஆனாலும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பேய்ச் சட்டை விஷயம் வந்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளி முதன்முதலாகத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து, அவர்களைப் பார்த்து நீட்டி முழக்கிப் பேசி, கடைசியில் சேற்றில் வழுக்கி விழுவார். தொடரில் எல்லோருக்கும் பிடித்த இடம் அது. அவர் பேசத் தொடங்கும்போது பின்னால் உள்ள துணிக்கொடி வெறுமையாக இருக்கும். பேச்சின் நடுவில் அதில் ஒரு பிள்ளையின் வெள்ளைச் சீருடை ஆடும். அவர் விழும்போது அது இருக்காது. யாரோ அதற்குப் பேய்ச் சட்டை என்று பெயர் வைத்தார்கள். அதுவே குழுவின் செல்லப் பிழையாகிவிட்டது. யாராவது சில நாள் குழுவுக்கு வராமல் இருந்து திரும்பினால், பேய்ச் சட்டை வந்துவிட்டது என்று எழுதுவார்கள். படம் எடுத்தவர்கள் தூங்கிவிட்டார்கள் என்றார் ஒருவர். லயத்துப் பிள்ளைகள் கொடியில் இருந்து திருடிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். அதற்குக் கீழே என் மகள் சிரிக்கிற முகம் ஒன்று போட்டிருந்தாள்.

அந்தச் சீருடை அவளுடையது. காயப்போட்டவள் நான்.

அப்போது நாங்கள் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்தின் கடைசி ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தோம். நான் பிள்ளைமடுவத்தில் வேலை பார்த்தேன். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகள் என் பொறுப்பு. மகள் இரண்டாம் வகுப்பு. படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள், யாரும் குறுக்கே போகக்கூடாது என்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் எங்கள் வாசலில் சாமான்களை இறக்கினார்கள். மழை விட்டு வெயில் முகம் காட்டிய ஞாயிற்றுக்கிழமை அது. இவள் வெள்ளிக்கிழமையே சேற்றில் புரண்டு வந்திருந்தாள். இருந்தது ஒரே ஒரு சீருடை. காலையிலேயே தண்ணீர்ப் பீலிக்குப் போய்த் துவைத்துக் கொடியில் போட்டேன்.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மேனேஜர் வந்தார். துணியை எடுக்கச் சொன்னார். இடத்தின் அழகைக் கெடுக்கிறதாம். எங்கள் காம்பராவின் கூரைத்தகரம் பிய்ந்து கிடந்தது, சாக்கடைக் காண் அடைத்துக்கொண்டு நாறியது. அழகைக் கெடுத்தது என் பிள்ளையின் சீருடை. சரி, வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று எடுத்து அடுப்புக்கு மேலே போட்டேன். காலை முழுக்க எடுத்தார்கள். பகல் சாப்பாட்டுக்கு அவர்கள் ஒதுங்கியபோது வெளியே பார்த்தால் நல்ல வெயில். உள்ளே சீருடையில் புகை ஏறிக்கொண்டிருந்தது. கொண்டுபோய் மறுபடி கொடியில் போட்டேன்.

மேனேஜர் ஓடி வந்தார். என்னம்மா, சொன்னா வெளங்காதா என்றார்.

"நாளைக்கு இவ பள்ளிக்கூடம் போவணும். ஈர யூனிபோமோட போனா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. நீங்க வந்து நின்னு பதில் சொல்லுவீங்களா?"

அவர் எடுக்கக் கையை நீட்டினார். நான் கொடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். தொட்டால் கையை முறித்திருப்பேன், சத்தியமாக. இயக்குநர் வானத்தைப் பார்த்தார். மேலே ரிவர்ஸ்டன் பக்கத்திலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போய்விடும், இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். பேச்சின் நடுப்பகுதியை அப்படியே எடுத்தார்கள். திங்கட்கிழமை என் மகள் காய்ந்த சீருடையில் பள்ளிக்கூடம் போனாள்.

அந்தப் பாகம் ஒளிபரப்பான மாலை, தோட்டத்துச் சங்க மண்டபத்தில் ஒரே பெட்டிக்கு முன்னால் லயமே உட்கார்ந்திருந்தது. கொடியில் சீருடை ஆடியதும் எல்லாரும் கைதட்டினார்கள். மகள் எழுந்து நின்று, அது என் யூனிபோம், அது என் யூனிபோம் என்று கத்தினாள். உட்கார வைக்கவே முடியவில்லை.

இப்போது அவள்தான் சிரிக்கிற முகம் போடுகிறாள். ஏன் என்று கேட்டேன்.

"அம்மா, அவங்களுக்கு நான் மாத்தளைன்னுதான் தெரியும். லயம்னு சொன்னா அப்புறம் பேசுற விதமே மாறிரும்."

"மாறட்டுமே. மாறுறவன் மாறிட்டுப் போறான்."

அவளுடைய காரணம் எனக்குத் தெரியாததல்ல. ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அவளைத் தோட்டக்காடு என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வருவாள். அதன்பிறகு யார் கேட்டாலும் ஊர் மாத்தளை என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அதெல்லாம் புரிகிறது. ஆனால் என் வயிறு எரிந்ததும் உண்மை. நான் அந்தக் குழுவிடம் எதையும் கேட்கவில்லை. அது பிழை இல்லை என்று என் மகள் தன் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் வாசித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் பிளேன்டீ நேரம் ஊமையாகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் குழுவில் ஒரு பயணம் ஏற்பாடானது. தொடர் எடுத்த இடங்களையெல்லாம் வேனில் போய்ப் பார்ப்பது. மாத்தளைக்காரி என்பதால் வழிகாட்டும் பொறுப்பு என் மகளுக்கு. நானும் வருவேன் என்றேன். அவள் முகம் மாறியது. அங்கே ஒன்றும் பேசக்கூடாது என்று சத்தியம் கேட்டாள். பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். செய்த சத்தியத்தைக் காப்பாற்ற ஒரு பை நிறைய இஞ்சி டொபி வாங்கிக்கொண்டு வேனில் ஏறினேன்.

வேனில் வந்தவர்கள் நல்லவர்கள், அதையும் சொல்ல வேண்டும். குழுத் தலைவர் கொழும்புக்காரர், ஓய்வுபெற்ற அதிபர், மரியாதையான மனிதர். எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கொடுத்தார். வழி நெடுக வசனங்களைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பங்களா வாசலைப் பார்த்தோம், முதலாளியின் கார் நின்றுபோன வளைவைப் பார்த்தோம். நான் ஒன்றன்பின் ஒன்றாக டொபியை வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் என்னைத் திரும்பிப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தாள்.

லயம் அப்படியே இருந்தது. தகரம் மட்டும் சில இடங்களில் புதிது. எங்கள் கடைசிக் காம்பராவில் இப்போது ஒரு இளம் தாய் இருக்கிறாள். இடுப்பில் ஒரு பிள்ளை. அதே இடத்தில்தான் கொடி. அது நிறையத் துணி. போர்வை, பாவாடை, சின்னச் சின்னக் காற்சட்டைகள், எல்லாம் சொட்டச் சொட்ட.

தலைவர் தன் பையைத் திறந்து ஒரு புதிய வெள்ளைச் சீருடையை எடுத்தார். குழுவில் போடுவதற்காகக் கடையில் வாங்கி வந்திருக்கிறார். கொடி வெறுமையாக ஒரு படம், சீருடையைப் போட்டு ஒரு படம், எடுத்துவிட்டு ஒரு படம். எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் கொடியில் இடம் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு இந்தத் துணிகளை எடுத்துவிட்டால் போதும் என்றார். என் மகளைப் பார்த்து, நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க என்றார்.

சொல்லவே தேவையிருக்கவில்லை. அந்தப் பெண் அதற்குள் பிள்ளையைப் படியில் இறக்கிவிட்டுப் போர்வையின் ஒரு முனையை எடுத்துவிட்டாள். முகத்தில் கோபமில்லை. வேனில் வந்தவர்கள் சொன்னால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். டொபியைக் கடித்தேன். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஒரு அடி முன்னே வைத்தேன்.

மகள் எனக்கு முன்னால் போனாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்து போர்வை முனையை வாங்கித் திரும்பக் கொடியில் போட்டாள்.

"எடுக்காதீங்க தங்கச்சி. காயட்டும்."

பிறகு குழுவின் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்குக் கொடியில இருந்தது என் யூனிபோம். இந்தக் காம்பராதான் எங்க வீடு. எடுக்கச் சொன்னாங்க, எங்கம்மா எடுக்க மாட்டேன்னு நின்னாங்க. அது பிழை இல்ல. பேயும் இல்ல."

லயத்துப் பிள்ளைகள் திருடிவிட்டார்கள் என்று எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். தலைவர் சீருடையைக் கையில் பிடித்தபடி என் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ரசிகர் அல்லவா, அவர் கேட்டது வேறு.

"அப்படின்னா அம்மா, விழுற சீனை முதல்லயே எடுத்துட்டாங்களா? ஏன்?"

எத்தனை வருடமாக அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தாரோ, பாவம். நான் டொபியைத் துப்பினேன்.

"சொல்றேன். மொதல்ல உங்க குழுவுல பிழைன்னு எழுதி வச்சிருக்கிறத மாத்துங்க."

அந்த இடத்திலேயே போனை எடுத்து மாற்றினார். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு எனக்குத் தலையாட்டினாள். அதன்பிறகு சொன்னேன்: வெயில் ஏறினால் சேறு காய்ந்துவிடும், காய்ந்த சேற்றில் யாரும் வழுக்கி விழமாட்டார்கள், அதனால் அவரைக் காலையிலேயே விழவைத்துவிட்டார்கள். தலைவர் படியில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மருந்தடிக்கும் டாங்கி மழையை நான் மறுபடி சொன்னேன், இந்தத் தடவை தெரிந்தவராக அல்ல. அந்த இளம் தாய் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். மகள் அவளுடைய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் பழைய வாசல் இஸ்தோப்பில் நின்றாள்.

கிளம்பும் முன் படம் எடுத்தோம். துணி கொடியில், நாங்கள் கொடிக்குப் பின்னால். கொண்டுவந்த சீருடை பையிலேயே கிடந்தது. அந்தப் படத்தைத்தான் மகள் குழுவின் முகப்பில் வைத்திருக்கிறாள். தலைவரின் முகத்தில் பாதியை ஒரு ஈரப் பாவாடை மறைக்கிறது. தன் முகம் சரியாகத் தெரிகிற படம் ஏதாவது இருந்தால் அதைப் போடலாமே என்று அவர் பணிவாகக் கேட்டிருந்தார். துணி காய்ந்ததும் மாற்றிவிடலாம் என்று மகள் பதில் போட்டாள்.

அது போட்டு மாதக்கணக்காகிறது. இன்னும் காயவில்லை.