தெருவே படித்த பிரெஞ்சு

முப்பத்தாறு வயதில் எனக்குப் பிரெஞ்சு கற்கும் ஆசை வந்தது என்று சொன்னால் அது பொய். வந்தது ரோஷம். எழுபதுகளின் தொடக்கம் அது. பாண்டிச்சேரியில் வாழ்க்கைப்பட்டுக் கணவரோடு பிரான்சுக்குப் போய்விட்ட என் அக்கா, பத்து வருடம் கழித்து மே மாதம் எங்கள் ஊரான பொம்மிடிக்கு வருவதாக எழுதியிருந்தாள். கூடவே எட்டு வயது மகளும். 'அவளுக்குத் தமிழ் வராது. அங்கே வந்து யாரோடு பேசுவேன் என்று அழுகிறாள்' என்று கடிதத்தின் கடைசியில் இருந்தது. யாரோடா? சின்னம்மா ஒருத்தி இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இது என்ன கேள்வி? என் வீட்டில் அந்தக் குழந்தை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கையில் எட்டு மாதம் இருந்தது.

எங்கள் ஊரில் பிரெஞ்சு சொல்லித்தர ஆள் ஏது? நானே படித்துக்கொள்வதுதான் வழி. பாண்டிச்சேரியில் இருந்த அக்காவின் கொழுந்தனுக்கு எழுதிக் கேட்டேன். மூன்று வகைப் பாடங்கள் கிடைக்கும் என்று ஒவ்வொன்றைப் பற்றியும் விவரமாக எழுதினார். முதலாவது, தமிழில் விளக்கம் கொடுத்த பழைய இலக்கணப் புத்தகம். அதன் முதல் பக்கத்தையும் பார்த்து எழுதி அனுப்பியிருந்தார். 'தோட்டக்காரனின் கத்தி மேசைமேல் இருக்கிறது' என்று ஆரம்பித்தது. எட்டு வயதுக் குழந்தையிடம் தோட்டக்காரனின் கத்தியைப் பற்றி நான் என்ன பேச?

இரண்டாவது, மெட்ராஸிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு பாடமாகத் தபாலில் வருவது. ரயில்வே ஸ்டேஷனில் கிளார்க்காக இருந்த என் கணவருக்கு அதுதான் பிடித்தது.

"தபால்ல வர்றதுதான் ஒழுங்கு. நீ எழுதி அனுப்பினா திருத்தி மார்க்கும் போடுவாங்க."

"எனக்கு எதுக்குங்க மார்க்கு? பள்ளிக்கூடத்துல நான் போடற மார்க்கே போதும்."

மூன்றாவது, ஆறு கிராமபோன் ரெக்கார்டுகளும் ஒரு மெல்லிய புத்தகமும். ரெக்கார்டில் ஒரு பெண் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவாள். அந்த இடைவெளியில் நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். பேச்சு காது வழியாகத்தானே வரும்? அதுவேதான் வேண்டும் என்று எழுதிப் போட்டேன். ரெக்கார்டுகள் வந்த அன்று என் கணவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இதப் போடறதுக்குப் பிளேயர் எங்க இருக்குது?" என்றார். அவசரத்தில் அதை நான் யோசிக்கவே இல்லை.

ஊரில் பிளேயர் இருந்த ஒரே இடம் கடைத்தெரு மைக்செட் கடை. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, எங்கள் சர்ச் திருவிழா எல்லாவற்றுக்கும் அந்தக் கடைக்காரர்தான். மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்தேன்.

"டீச்சர், குழாய் ஸ்பீக்கர் இல்லாம எங்கிட்ட சத்தம் வராதுங்க. உங்களுக்காகச் சன்னமா வெக்கிறேன்" என்றார்.

அவருடைய சன்னம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது. முதல் நாள் கூட்டம் கூடிச் சிரித்தது. இரண்டாம் வாரம் டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே, அந்தப் பெண் நிறுத்திய இடத்தில் வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னார். பிறகு பூக்காரம்மா. பிறகு ஜட்காவண்டிக்காரர். வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்த ஊர் எங்களுடையது. யாராவது ஒரு வரி சொல்லி நிறுத்தினால் வாய் தானாகத் திறந்துவிடும். அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று ஸ்டேஷன் வாசலிலேயே நின்று பிரெஞ்சில் கேட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"தபால் பாடமா இருந்தா இப்படிச் சந்தி சிரிச்சிருக்குமா?" என்றார் என் கணவர், சிரிப்பை அடக்க முடியாமல். அவர் சிரித்ததற்காகவே நான் ஆறு ரெக்கார்டையும் விடாமல் முடித்தேன்.

மே மாதம் வந்தார்கள். ரயிலிலிருந்து இறங்கிய குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, "பொன்ஜூர்" என்றேன். அவள் அக்காவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எட்டு மாதப் பாடமும் அந்த நிமிடமே என்னை விட்டுப் போய்விட்டது. இரண்டு நாள் அவள் வாழைப்பழத்தையும் ரொட்டியையும் தவிர எதையும் தொடவில்லை, அம்மாவைத் தவிர யாரையும் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை மூவரும் கடைத்தெருவுக்குப் போனோம். வெள்ளைக் கவுனில் வந்த பிள்ளையைப் பார்க்கத் தெருவே வேலையைப் போட்டுவிட்டு நின்றது. குழந்தை மிரண்டு போய், தன் அம்மாவைப் பார்த்துப் பிரெஞ்சில் சத்தமாக ஏதோ சொல்லி நிறுத்தினாள்.

நிறுத்தினாள் இல்லையா? அவ்வளவுதான். டீக்கடைக்காரர், பூக்காரம்மா, ஜட்காவண்டிக்காரர், மைக்செட்காரர் எல்லோரும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இவங்க எல்லாம் ஏன் என்னையே பாக்கறாங்கன்னு கேட்டாடி!"

குழந்தை திகைத்து நின்றாள். பிறகு, சோதித்துப் பார்ப்பதுபோல இன்னொரு வாக்கியம் சொன்னாள். தெரு அதையும் சொன்னது. மூன்றாவதை வேண்டுமென்றே நீளமாகச் சொன்னாள். ஜட்காவண்டிக்காரர் பாதியில் தடுமாற, அவள் கைதட்டித் திருத்தினாள். அரைமணி நேரம் எங்கள் கடைத்தெருவில் வியாபாரமே நடக்கவில்லை. அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றும் முழுசாகச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஒரு சின்னக் கை என் விரலைப் பிடித்தது. நாளைக்கும் இவர்கள் இருப்பார்களா என்று என்னைத்தான் கேட்டாள். எந்த ரெக்கார்டிலும் இல்லாத கேள்வி, எனக்கு முழுசாகப் புரிந்தது. ஆமாம் என்பதற்கு "வுய்" என்றேன். அவள் அதன்பிறகு நிறுத்தவே இல்லை. வீடு வரைக்கும் மடை திறந்த மாதிரி பேசினாள். முக்கால்வாசி புரியாமலே நானும் "வுய், வுய்" என்று தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

வாசலில் அக்கா என்னைத் தடுத்து நிறுத்தினாள். "கடைசியா என்ன கேட்டா தெரியுமா? இனிமே உங்கூடவே படுத்துக்கட்டுமான்னு கேட்டா. நீ பாட்டுக்கு வுய்னு சொல்லிட்டு வர்ற."

புரிந்திருந்தால் மட்டும் நான் வேறு என்ன சொல்லியிருப்பேன்?