மனைவிக்குக் கொடுத்த விண்டோஸ் போன்

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நானும் என் மனைவி செல்வியும் வேலை பார்க்கிறோம். நான் ஃபேக்டரியில், அவள் கொழுந்து பறிப்பில். புது ஆண்ட்ராய்டு போன் வாங்கியபோது, என் பழைய விண்டோஸ் போனை அவளிடம் கொடுத்தேன். கம்பெனியே கைவிட்ட போன் அது. ஆனாலும் எழுத்து பெரிதாகத் தெரியும், சார்ஜ் நிற்கும், படம் அருமையாக விழும் என்று புகழ்ந்துதான் கொடுத்தேன்.

"ஏனுங்க, இதுல வாட்ஸ்அப் வரதில்லீங்க. வேலை சேதியெல்லாம் குரூப்புலதான் போடறாங்களாம்" என்றாள் ஒருநாள்.

"குரூப்புல வெட்டிப் பேச்சுதான் இருக்கும். பேசறதுக்குத்தானே போன்?" என்றேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, மேல்காட்டுத் தேயிலையில் காட்டெருமை நிற்கிறது, யாரும் போக வேண்டாம் என்று சூப்பர்வைசர் குரூப்பில் எழுதியிருக்கிறார். செல்விக்கு மட்டும் அந்தச் செய்தி வரவில்லை. மூடுபனியில் தனியாக ஏறிப் போனவள், எதிரே அது தலையைத் தூக்கியதும் திரும்பி ஓடிச் சரிவில் உருண்டுவிட்டாள். அங்கிருந்து அவள் போனில் கூப்பிட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. கூட வேலை செய்கிறவர்களும் நானுமாகத் தூக்கி வந்தோம்.

ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. சேறு படிந்த போனை முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தாள்.

"நல்ல போன்தாங்க. அவ்வளவு தூரம் உருண்டும் ஒடையலீங்க" என்றாள்.

கேலியில்லை, நிஜமாகவே சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் போனில் என்ன இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் நல்லதை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.