மழுக்காத மூலை

மச்சான் பேச்சை எடுத்தாலே தச்சருக்கு அடிவயிறு எரியும். காரணமில்லாமல் எரியவில்லை. அதற்குக் காரணமான, மச்சான் வீட்டு மேஜையைச் செய்து கொடுத்ததே தச்சர்தான்.

எந்த மரச்சாமான் செய்தாலும் கடைசியில் மூலைகளை அரத்தால் மழுக்கி, உப்புத்தாள் போட்டு, தன் கன்னத்திலேயே உரசிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். மனைவியின் அண்ணன், அதாவது இந்த மச்சான், கூடத்துக்கு ஒரு குட்டை மேஜை கேட்டபோது மட்டும் அந்த வேலை நடக்கவில்லை. "மழுக்கிடாதீங்க மாப்பிள்ளை. மூலை கத்தி மாதிரி நின்னாதான் எடுப்பா இருக்கும்" என்று பக்கத்திலேயே நின்றுகொண்டார் மனுஷன். மனைவி வீட்டோடு மனத்தாங்கல் எதற்கு என்று தச்சரும் தலையாட்டித் தொலைத்தார்.

அந்த மூலையில்தான் தச்சரின் மகள் போய் விழுந்தாள். நடை பழகி ஓட ஆரம்பித்திருந்த வயது. வழவழவென்ற தரை, காலில் காலுறை வேறு. கேட்கவா வேண்டும்? மேல் முன்பல் ஒன்று அப்படியே ஈறுக்குள் ஏறிக்கொண்டது.

பல் டாக்டரம்மா பொறுமையாகத்தான் பேசினார். "கட்டைவிரல் சப்புறாளா? அதான் மேல்பல்லு முன்னால துருத்திக்கிட்டு நிக்குது, உதடு மூடல. இப்படி இருக்கற பிள்ளைங்க விழுந்தா அடி நேரா பல்லுலதான் படும். மேஜையும் அவ வாய் உயரத்துக்கே இருந்திருக்கு."

"பால் பல்லுதானே டாக்டர்?"

"அதுக்கு மேலதான் புதுப்பல்லு உருவாகிட்டிருக்கு. அதுக்கும் அடி பட்டிருந்தா கறையோட முளைக்கலாம், கோணலா முளைக்கலாம். முளைச்சாதான் தெரியும்."

ஆக, வருஷக்கணக்கில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதையாவது தச்சர் பொறுத்திருப்பார். மச்சான் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சிக்குப் பிள்ளையைப் பாத்துக்கத் துப்பில்ல" என்று சொல்லிச் சிரித்தார். குழந்தைக்குப் 'பொக்கைவாய்' என்று பட்டப்பெயர் வேறு வைத்தார். மாமா குரல் கேட்டாலே அவள் கையால் வாயைப் பொத்திக்கொள்ளப் பழகிவிட்டாள்.

தச்சர் மனசுக்குள் கருவிக்கொண்டே இருந்தார். மச்சானுக்கும் கடைக்குட்டியாக ஒரு பையன் தவழ்ந்துகொண்டிருந்தான். நடக்கட்டும், நடக்கட்டும் என்று காத்திருந்தார். சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. 'இவன் பல்லும் போகட்டும். அப்பத் தெரியும் அந்த ஆளுக்கு.' பையன் நடந்தான், ஓடினான். அவனும் கட்டைவிரல் சப்பினான், அவனுக்கும் மேல்பல் துருத்திக்கொண்டு வந்தது. தச்சருக்கு உள்ளூர ஒரே குதூகலம்.

அதன்பிறகு வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் மச்சான் வீட்டில் ஆஜர். கருவிப்பையைக் காலடியில் வைத்துவிட்டு, மேஜையை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

"என்ன மாப்பிள்ளை, இப்பல்லாம் பாசம் பொத்துக்கிட்டு வருது?" என்று மச்சான் கிண்டலடிப்பார்.

"பையனைப் பாக்காம இருக்க முடியல மச்சான்" என்பார் தச்சர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒரு சாயங்காலம் மச்சான் செல்போனில் மூழ்கிக் கிடந்தார். பையன் காலுறையோடு குடுகுடுவென்று ஓடி வந்தான். கால் வழுக்கியது. முகம் நேரே அந்த மூலைக்கு வந்தது. எதற்காக இத்தனை நாள் அங்கே தவம் கிடந்தாரோ, அதேதான்.

தச்சரின் கை பாய்ந்துபோய் மூலையைப் பொத்தியது. பையனின் வாய் புறங்கையில் மோத, மூலை உள்ளங்கையில் ஏறிவிட்டது. பையன் பயந்துபோய் வீறிட்டான். அந்த வாயில் பல் எல்லாம் பத்திரமாக இருந்தது. தச்சர் ரத்தம் ஒழுகும் தன் கையைப் பார்த்தார். பாழாய்ப்போன கை! வெட்டி எறியலாமா என்று வந்தது அவருக்கு.

கைக்குட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, பையிலிருந்து ரம்பத்தை எடுத்தார். மூலையில் வைத்து அறுக்க ஆரம்பித்தார்.

மச்சான் அலறிக்கொண்டு எழுந்தார். "ஐயோ, பைத்தியம் பிடிச்சிருச்சா? என் மேஜை போச்சே!"

"மேஜைதான் போச்சு. உங்க பையன் பல்லு அப்படியே இருக்கு மச்சான். அந்த வயித்தெரிச்சல்லதான் அறுக்கறேன். தள்ளுங்க."

மச்சான் பையனைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார். தச்சர் அடுத்த மூலைக்குப் போனார்.